அந்தப் புட்டியில் என்ன இருந்தது?

கிள்ளான்,
2 மார்ச் 2025

மதிப்பிற்குரிய டாக்டர் மாதவி அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் சாந்தமேரி. உங்களுக்கு என்னை நினைவிருக்காது. 2004-இல் கிள்ளானில் ஓர் அரசாங்க கிளினிக்கில் கர்ப்பிணிப் பெண்களுக்கு மாத்திரை கொடுத்து ஓர் ஆய்வு செய்தீர்கள். அதில் நானும் ஒருத்தி. அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. நீங்கள் ஒல்லியாக, ஆண்கள் கட்டும் பெரிய கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியை எங்கள் பக்கத்தில் இழுத்துப்போட்டு உட்கார்ந்து தமிழிலேயே கேள்வி கேட்பீர்கள். அதற்கு முன்னால் எந்த டாக்டரும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததில்லை.

இப்போது நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு துணிக்கடை மாடியில் ரவிக்கை தைக்கிறேன். கிள்ளானிலிருந்து தினமும் ரயிலில் போய்வருகிறேன். கணவர் கென்னத் துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறார். மகள் பிரெண்டா ஷா ஆலமில் இரத்தப் பரிசோதனைக் கூட வேலைக்கு டிப்ளோமா படிக்கிறாள். போன வாரம் காலேஜ் பாடத்துக்காக இணையத்தில் எதையோ தேடும்போது உங்கள் கட்டுரை அகப்பட்டிருக்கிறது. "மம்மி, கிள்ளான்ல கர்ப்பிணிங்கள வெச்சு ரிசர்ச் பண்ணியிருக்காங்க. நீங்க சொல்வீங்களே, அதுவா?" என்று ஓடிவந்தாள். அதுதான். உங்கள் பெயர் முதலில் இருந்தது. அதன் பிறகு நீங்கள் எழுதியவற்றையும் வரிசையாகக் காட்டினாள். வங்காளதேசம், நேப்பாளம், இப்போது ஆப்பிரிக்காவில் மலாவி. "ஒரு ஆளு இத்தன ஊருல பிரசவம் பாத்தா தூங்கறது எப்போ லா?" என்றார் கென்னத்.

பிரெண்டா கட்டுரையைத் தமிழில் சொல்லிப்பார்த்தாள். பாதி அவளுக்கே விளங்கவில்லை. அதனால் உங்களையே கேட்கிறேன். அந்த வெள்ளைப் புட்டியில் இருந்த மாத்திரை என்ன? எதற்காக எங்களுக்குக் கொடுத்தீர்கள்? கடைசியில் என்ன கண்டுபிடித்தீர்கள்? "முடிஞ்சதும் வந்து சொல்றோம்" என்று சொல்லியிருந்தீர்கள். மற்றவர்களைப் பற்றித் தெரியாது. நான் எதிர்பார்த்துக்கொண்டு இருந்தேன்.

எனக்கு அந்தக் குழந்தை தங்கவில்லை. எட்டாம் மாதம் வலிப்பு வந்தது. ஆண் குழந்தை, வயிற்றிலேயே இறந்துவிட்டது. உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. மாத்திரையைப் பற்றித் தெரிந்துகொள்ளவே எழுதுகிறேன்.

பிரெண்டா இதைப் படம் பிடித்து மின்னஞ்சலில் அனுப்புவாள். கையெழுத்துக்கு மன்னிக்கவும். ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளி, அவ்வளவுதான்.

இப்படிக்கு,
சாந்தமேரி

*

பிளண்டயர், மலாவி
11 மார்ச் 2025

அன்புள்ள சாந்தமேரி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ ஆயிரம் பெண்களிடம் கேள்வி கேட்டிருக்கிறேன். அவர்களில் ஒருவர் திரும்பி என்னிடம் கேள்வி கேட்பது இதுதான் முதல் தடவை. உங்கள் மகனைப் பற்றிப் படித்தபோது மிகவும் வருந்தினேன்.

கேட்டதற்கு வருகிறேன். அது சுண்ணாம்புச் சத்து மாத்திரை. சில பெண்களுக்குக் கர்ப்பகாலத்தில் இரத்த அழுத்தம் திடீரென்று ஏறும். கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரும். பால், தயிர் குறைவாகச் சாப்பிடும் பெண்களுக்கு இந்தச் சத்தைக் கொடுத்தால் அது வராமல் தடுக்க முடியுமா என்று பார்க்க நினைத்தோம். மொத்தம் 1,112 பேர். பாதிப் பேருக்கு உண்மையான மாத்திரை. மீதிப் பேருக்குப் பார்ப்பதற்கு அதேபோல் இருக்கும், ஆனால் உள்ளே மருந்தில்லாத மாத்திரை. யாருக்கு எது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, மாத்திரை எண்ணிய நர்ஸ், மிஸி குமுதாவுக்கும் தெரியாது. தெரிந்தால் நம்மை அறியாமலேயே ஒரு பக்கம் சாய்ந்துவிடுவோம் என்பதற்காக அப்படி ஓர் ஏற்பாடு.

கண்டுபிடித்தது என்ன என்று கேட்டிருந்தீர்கள். சத்து மாத்திரை சாப்பிட்டவர்களில் அழுத்தம் ஏறியவர்கள் சற்றுக் குறைவு. ஆனால் அது தற்செயலாகவும் இருக்கலாம் என்னும் அளவுக்குச் சிறிய வித்தியாசம். தெளிவாகச் சொல்ல முடியவில்லை என்பதே எங்கள் பதில். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு உங்களிடம் வந்து என்ன சொல்வது என்று நினைத்தேனோ என்னவோ. முடிவு வருவதற்குள் நான் மேற்படிப்புக்கு லண்டன் போய்விட்டேன். அந்தக் கட்டுரை எனக்கு அடுத்த வேலையை வாங்கித் தந்தது. அது அதற்கடுத்த ஊருக்குக் கூட்டிப்போனது. கிள்ளானுக்கு வந்து சொல்லாதது தவறு. அதற்குச் சாக்கு இல்லை.

இங்கே மாவட்ட ஆஸ்பத்திரிகளோடு ஒட்டி ஒரு நீண்ட கூடம் இருக்கும். தொலைவிலிருந்து வரும் கர்ப்பிணிகள் பிரசவத்துக்கு மூன்று நான்கு வாரம் முன்பே வந்து அதில் தங்குவார்கள். அவர்களே சோளமாவு களி கிண்டிக்கொள்வார்கள். காலையும் மாலையும் அவர்களின் பிரஷர் பார்ப்பதும், அதனால் எத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்று எழுதுவதும் என் இப்போதைய வேலை. உங்கள் கணவரிடம் சொல்லுங்கள், தூக்கம் குறைவுதான்.

உங்களுக்கு எந்தப் புட்டி கிடைத்தது என்று தெரிந்துகொள்ள வேண்டுமா? பெயர்ப் பட்டியலை விதிப்படி அழித்துவிட்டோம். எண்களும் அளவுகளும் மட்டும் இருக்கின்றன. உங்களுக்குக் கொடுத்த அட்டையில் ஓர் எண் இருந்திருக்கும். அது கிடைத்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
மாதவி

*

பிரிக்பீல்ட்ஸ்,
4 ஏப்ரல் 2025

அன்புள்ள டாக்டர்,

நோன்புப் பெருநாளுக்கு முன்னால் தையல் குவிந்துவிட்டது. அதனால்தான் தாமதம். இந்தக் கடிதத்தை நான் பிரெண்டாவிடம் கொடுக்கவில்லை. நானே தபாலில் சேர்க்கிறேன். பதிலை நீங்களும் கடை முகவரிக்கே அனுப்புங்கள். பின்னால் எழுதியிருக்கிறேன்.

அட்டை கல்யாண ஆல்பத்தில் இருந்தது. எண் 417.

நான் அந்த மாத்திரையைச் சாப்பிடவில்லை டாக்டர். முதல் மாதம் சாப்பிட்டேன். கட்டைவிரல் நகம் அகலம், தொண்டையில் நின்றுவிடும். இரவு ஷிப்டில் ரப்பர் வாடையோடு சேர்ந்து குமட்டும். இரண்டாம் மாதத்திலிருந்து வீட்டுக்குப் பின்னால் போய் லோங்காங் சாக்கடைத் தண்ணீரில் கொட்டிவிடுவேன். காலிப் புட்டியைக் கொண்டுவந்து கொடுப்பேன். மிஸி குமுதா எல்லோர் முன்னாலும் புட்டியைக் கவிழ்த்துக் காட்டி, "பாருங்க, சாந்தமேரி ஒன்னுகூட மிச்சம் வெக்கல. நீங்கல்லாம் என்ன பண்றீங்க?" என்பார். பள்ளிக்கூடத்தில்கூட யாரும் என்னை அப்படிப் புகழ்ந்ததில்லை. அதன் பிறகு எப்படி உண்மையைச் சொல்வேன்? ஒவ்வொரு தடவையும் ஒரு பால்மாவு டின் கொடுப்பீர்கள். சொன்னால் அது நின்றுவிடும் என்ற பயமும் இருந்தது. வீட்டில் அப்போது அது பெரிய உதவி.

பிறகு வலிப்பு வந்தது. கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வார்டில் யாரோ, "உனக்குக் கொடுத்தது வலிப்பு வராம இருக்கத்தானே, சாப்பிட்டியா இல்லியா?" என்று கேட்டார்கள். யார் கேட்டது என்று இன்றுவரை நினைவில்லை. கேள்வி மட்டும் நிற்கிறது.

கென்னத்துக்குத் தெரியாது. பாவசங்கீர்த்தனத்தில் ஒரு முறை சொன்னேன். சாமியார் மன்னிப்புக் கொடுத்தார். ஆனால் புட்டியில் என்ன இருந்தது என்று அவருக்கும் தெரியாதே. தெரியாமல் கொடுக்கும் மன்னிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பாதிப் புட்டிகளில் மருந்தே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் படித்த நாளிலிருந்து எனக்கு வேலையில் கவனம் இல்லை. ஒரு ரவிக்கைக்குக் கைகளை மாற்றித் தைத்துவிட்டேன். எந்தப் பதிலானாலும் சொல்லுங்கள். நான் பொய் சொன்னதால் உங்கள் ஆய்வு கெட்டுப்போனதா என்பதையும் சொல்லுங்கள்.

சாந்தமேரி

*

பிளண்டயர்,
25 ஏப்ரல் 2025

அன்புள்ள சாந்தமேரி,

இதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் புட்டியில் மருந்து இல்லை. 417 மருந்தில்லாத பிரிவு. அது வெறும் மாவு. நீங்கள் ஒவ்வொரு மாத்திரையையும் விழுங்கியிருந்தாலும் எதுவும் மாறியிருக்காது. கொட்டியதால் உங்கள் மகனுக்கு ஒரு கேடும் வரவில்லை.

ஆய்வும் கெடவில்லை. மாத்திரையைச் சாப்பிடாதவர்கள் எல்லா ஆய்விலும் இருப்பார்கள். அவர்களையும் சேர்த்தே கணக்குப் பார்ப்போம்.

உங்கள் எண்ணுக்கு எதிரே உள்ள மற்ற விவரங்களைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன். முடித்ததும் எழுதுகிறேன்.

அன்புடன்,
மாதவி

*

பிளண்டயர்,
9 மே 2025

அன்புள்ள சாந்தமேரி,

முந்தைய கடிதத்தில் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று எழுதினேன். அது உண்மையில்லை. சரிபார்க்க எதுவும் இல்லை. அன்றைக்கே என் கண்ணில் பட்டுவிட்டது. நல்ல செய்தியை மட்டும் உறைக்குள் வைத்து ஒட்டினேன். மற்றதை எழுதப் பதினான்கு நாள் ஆகியிருக்கிறது.

417-க்கு எதிரே, உங்கள் முப்பத்தொன்றாம் வாரத்தில், பிரஷர் 150/98 என்று இருக்கிறது. அரைமணி நேரம் உட்காரவைத்து மறுபடி பார்த்திருக்கிறோம். 148/96. சிறுநீரில் புரதம் லேசாக. கீழ் எண் 90-க்கு மேல் இரண்டு முறை வந்தால் அந்தப் பெண்ணை அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். அது எங்கள் ஆய்வின் விதி. அந்த விதியை எழுதியவள் நான்.

'செய்தது' என்ற கட்டத்தில், 'மாத்திரை தொடரவும், இரண்டு வாரம் கழித்து வரவும்' என்று இருக்கிறது. பார்த்தவர் என்ற இடத்தில் என் பெயரின் முதல் எழுத்து. ஒன்பதாம் நாள் உங்களுக்கு வலிப்பு வந்திருக்கிறது.

ஏன் அனுப்பவில்லை என்று கேட்பீர்கள். எனக்கு நினைவில்லை. அன்று அறுபத்து மூன்று பெண்களைப் பார்த்திருக்கிறோம் என்று தேதியை வைத்துத் தெரிகிறது. மதியத்துக்கு மேல் ஆகியிருக்கலாம். பேருந்திலிருந்து நடந்து வந்ததால் ஏறியிருக்கும் என்று நினைத்திருக்கலாம். எல்லாம் 'இருக்கலாம்' தான். உங்கள் வாழ்க்கையையே திருப்பிப்போட்ட ஒரு மதியம் எனக்கு நினைவில்கூட இல்லை. இதை எழுதுவதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருக்கிறது.

அன்றே அனுப்பியிருந்தால் பிள்ளை பிழைத்திருப்பானா? உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் நல்ல வாய்ப்பு இருந்தது. மருந்து கொடுத்து, படுக்கவைத்து, தேவையானால் முன்கூட்டியே குழந்தையை எடுத்திருப்பார்கள். உங்களிடம் அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

மற்றவர்களின் வரிகளையும் பார்த்தேன். விதியை மீறி வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் இன்னும் நான்கு பேர். அவர்களுடைய குழந்தைகள் உயிரோடு பிறந்தன. கட்டுரையில் நாங்கள் இதைச் சொல்லவில்லை. ஒவ்வொரு வரியாக யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. கட்டுரையை வெளியிட்ட இதழுக்கும், ஆய்வுக்கு அனுமதி கொடுத்த குழுவுக்கும் நேற்று எழுதிவிட்டேன். இந்தக் கடிதத்தை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம்.

இருபத்தொரு ஆண்டுகளாக உங்கள் மேல் போட்டுக்கொண்ட பழி உங்களுடையது அல்ல. அது என்னுடையது.

மாதவி

*

கிள்ளான்,
12 மே 2025

அன்புள்ள அக்கா,

இனிமேல் டாக்டர் என்று எழுத மனம் வரவில்லை. உங்கள் 25-ஆம் தேதிக் கடிதம் சனிக்கிழமை கடைக்கு வந்தது. இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் படித்தேன். மாவு! வெறும் மாவு! சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்து மேசைப் பெண் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

அன்று இரவே கென்னத்திடம் எல்லாம் சொன்னேன். மாத்திரை, லோங்காங், எல்லாம். கடைசிவரை கேட்டார். பிறகு, "இத்தன வருசமா இத நீ ஒருத்தியே வெச்சிக்கிட்டா இருந்த? நான் எதுக்கு இருக்கேன்?" என்று கேட்டு அழுதுவிட்டார். நானும் அழுதேன். மறுநாள் பூசை முடிந்து மூன்று பேரும் வாழையிலைச் சாப்பாடு சாப்பிடப் போனோம். இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டேன். "மம்மிக்கு என்னாச்சு?" என்று பிரெண்டா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் சொன்னோம்.

இன்று விசாக தின விடுமுறை. வீட்டு ஜன்னல் திரைகளை எல்லாம் கழற்றித் துவைத்துப் போட்டிருக்கிறேன். உங்கள் ரவிக்கை அளவு அனுப்புங்கள் அக்கா. மலாவி வெயிலுக்கு நல்ல பருத்தியில் தைத்து அனுப்புகிறேன். இன்னும் கேட்க நிறைய இருக்கிறது. அந்தக் கூடத்துப் பெண்கள் பிரசவத்துக்காகக் காத்திருக்கும் நாட்களில் என்ன பேசிக்கொள்வார்கள்? வீட்டில் விட்டுவந்த பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

உங்களுக்கும் உங்கள் குடும்பத்துக்கும் எங்கள் ஜெபம் உண்டு.

உங்கள் தங்கை,
சாந்தமேரி

*

பிளண்டயர்,
3 ஜூலை 2025

சாந்தமேரி,

உங்கள் மே 12 கடிதம் எனக்குக் கிடைத்த அன்று, என் மே 9 கடிதம் உங்கள் கைக்கு வந்திருக்கும். நீங்கள் அதைப் பிரிப்பதற்கு முன் எப்படியாவது தடுக்க முடியாதா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். பிறகு அப்படி நினைத்ததற்காக வெட்கப்பட்டேன்.

பதில் வேண்டி இதை எழுதவில்லை. நடந்ததைத் தெரிவிக்கவே எழுதுகிறேன். குழு விசாரணை தொடங்கியிருக்கிறது. அது முடியும்வரை இங்கே தொடங்க இருந்த புதிய ஆய்விலிருந்து விலகிக்கொண்டேன். கூடத்துப் பெண்களுக்குப் பிரஷர் பார்க்கும் வேலை மட்டும் செய்கிறேன். அக்டோபரில் தீபாவளிக்கு சாலாக் செலாத்தானில் இருக்கும் அம்மாவிடம் வருகிறேன். நீங்கள் விரும்பினால் மட்டும் சந்திக்கலாம்.

காத்திருக்கும் பெண்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் சமையலைப் பற்றியும் மாமியாரைப் பற்றியும்தான் பேசுகிறார்கள். வீட்டுப் பிள்ளைகளை மூத்த பெண் பார்த்துக்கொள்கிறாள். அவளுக்கு ஒன்பது வயதுகூட இருக்காது.

மாதவி

*

கிள்ளான்,
31 ஆகஸ்ட் 2025

டாக்டர் மாதவி அவர்களுக்கு,

தேசிய தினம். கடை மூடியிருக்கிறது. அதனால் எழுத முடிகிறது.

உங்கள் மே 9 கடிதத்தை நான் முதலில் பாதிதான் படித்தேன். மீதியைப் படிக்க ஒரு வாரம் ஆனது. பிறகு கென்னத்திடம் கொடுத்தேன். அவர் கோபத்தை எழுத எனக்கு வார்த்தை இல்லை. "வக்கீல பாப்போம்" என்றார். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஒரு மாதம் வீட்டில் யாரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. உங்கள் மேல் எனக்கு இருக்கும் கோபம் ஒரு நாள் குறைகிறது, ஒரு நாள் ஏறுகிறது. ரயிலில் போகும்போது ஏறுகிறது. கைக்குழந்தையோடு யாராவது எதிரில் உட்கார்ந்தால் அதிகமாக ஏறுகிறது.

நீங்கள் சொல்லாமலே இருந்திருக்கலாம். மாவு என்பதோடு நிறுத்தியிருந்தால் நான் உங்களை அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டு, ரவிக்கை தைத்து அனுப்பிக்கொண்டு, சாகும்வரை சந்தோஷமாக இருந்திருப்பேன். அது எனக்குத் தெரிகிறது. கென்னத்திடமும் அதைத்தான் சொன்னேன். "அவங்க வாய தொறக்கலன்னா நமக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்?" என்றேன். வக்கீல் பேச்சை அதன் பிறகு அவர் எடுக்கவில்லை. இதனால் நான் உங்களை மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த இடத்துக்கு நான் இன்னும் வரவில்லை. வருவேனா என்றும் தெரியவில்லை.

ஆனால் ஒரு விஷயம் என்னை விடவில்லை. இன்னும் நான்கு பேர் என்று எழுதியிருந்தீர்கள். அவர்கள் யார்? எங்கே இருக்கிறார்கள்? அவர்களுக்கு எதுவுமே தெரியாதே. உங்களிடம் பெயர் இல்லை. எனக்குக் கிள்ளானில் வாய் இருக்கிறது. கோயிலில் கேட்டேன், பாசாரில் கேட்டேன், பழைய தொழிற்சாலைக் கூட்டாளிகளைக் கேட்டேன். "2004-ல அந்த கிளினிக்ல மாத்திர வாங்கினீங்களா?" என்று கேட்டால் முதலில் எல்லோரும் முழிக்கிறார்கள். பால்மாவு டின் என்றதும் நினைவு வந்துவிடுகிறது. இதுவரை பதினொரு பேரைக் கண்டுபிடித்திருக்கிறேன். பிரெண்டா ஒரு நோட்டில் எழுதி வைக்கிறாள். அந்த நால்வரில் யாராவது இந்தப் பதினொன்றில் இருக்கிறார்களா என்று தெரியாது. அட்டையைத் தேடச் சொல்லியிருக்கிறேன்.

எல்லோரிடமும் என் கதையைச் சொன்னேன். நான் கொட்டியது, நீங்கள் அனுப்பாதது, இரண்டையும் மறைக்காமல் சொன்னேன். பாசாரில் மீன் விற்கும் இராஜம்மா, "நானும் பாதிய தூக்கிப் போட்டேன் லா, யார்கிட்டயும் சொல்லாத" என்றாள். சிரித்துவிட்டோம். அவள் மகனுக்கு இப்போது இருபது வயது, ஆறடி. அவன் ஏன் பிழைத்தான், என் பிள்ளை ஏன் பிழைக்கவில்லை என்று அவளைப் பார்த்தபோது எனக்குத் தோன்றாமல் இல்லை. அவளுக்கும் அது தோன்றியிருக்க வேண்டும். எனக்குக் கொடுத்த மீனை இரண்டு தடவை கழுவினாள்.

எல்லோருக்கும் கேள்வி இருக்கிறது. ஒருத்திக்கு இன்னும் பிரஷர் குறையவில்லை, அது அதனாலா என்று கேட்கிறாள். ஒருத்தி அப்போது சோதனைக்கு எடுத்த தன் இரத்தம் இப்போது எந்த நாட்டில் இருக்கிறது என்று தெரிய வேண்டும் என்கிறாள். இரண்டு பேர் நீங்கள் இந்தப் பக்கம் வரவே கூடாது என்கிறார்கள். நான்தான் வரட்டும் என்றேன்.

அக்டோபர் 12, ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி. எங்கள் கோயிலை அடுத்த மண்டபத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். நாற்காலி போடுவது கென்னத். அவர் உங்களோடு பேசமாட்டார். பேசச் சொல்லி நானும் வற்புறுத்தமாட்டேன். உங்கள் கணினியைக் கொண்டுவாருங்கள். எண்ணைச் சொன்னால் அவரவர் வரியை அவரவருக்குத் தனியாகக் காட்டுங்கள். படம், வரைபடம் எதுவும் வேண்டாம். தமிழில் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள்.

மைக் கிடையாது. மண்டபம் பெரிது, மேலே காற்றாடி சத்தம் வேறு. கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி நீங்கள் உரக்கப் பேச வேண்டியிருக்கும்.

சாந்தமேரி